மதிப்பெண்ணில் முதலிடம், ஆனால் வேலை மூன்றாம் ஆண்டில்: அமெரிக்க வட்டாரங்களின் நான்காண்டுத் திட்டப்பட்டியல் எப்படி அமைகிறது?

#1 தார்ச்சாலை

வணக்கம். அமெரிக்க நகராட்சிகளிலும் வட்டாரத் திட்டமிடல் அலுவலகங்களிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எம்.பி.ஓ. எனப்படும் பெருநகரத் திட்டமிடல் அமைப்பு திட்டங்களுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறது. அதன் நான்காண்டுப் பட்டியலைத்தான் டி.ஐ.பி. என்கிறோம். அந்த வரிசையையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருந்துவதே இல்லை. 88 மதிப்பெண் வாங்கிய சந்திப்புச் சீரமைப்பு மூன்றாம் ஆண்டில் இருக்கும். 61 வாங்கிய தார் மறுபூச்சு முதல் ஆண்டிலேயே ஏறியிருக்கும். பட்டியலில் ஏறிய திட்டத்துக்கும் கடைசியில் பணம் வராமல் போகிறது. அப்படியானால் மதிப்பெண்ணுக்கு என்னதான் வேலை? முடிவு எங்கே எடுக்கப்படுகிறது?

#2 பாலக்காரர்

மதிப்பெண் வரிசை ஒரு தாள், டி.ஐ.பி. இன்னொரு தாள். முதல் தாள் எது தேவை என்று சொல்கிறது. இரண்டாவது தாள் எந்த ஆண்டு, எந்தக் கணக்கிலிருந்து, வேலையின் எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று சொல்கிறது. இரண்டாவதைக் கணக்குப் புத்தகமாகவே படிக்க வேண்டும்.

பின்னணி: 50,000 பேருக்கு மேல் உள்ள ஒவ்வொரு நகர்ப்பரப்புக்கும் ஓர் எம்.பி.ஓ. இருக்க வேண்டும் என்பது ஃபெடரல் சட்டம். 2 லட்சத்தைத் தாண்டினால் அது டி.எம்.ஏ. என்ற தகுதியைப் பெறும். அதிகாரமும் கூடும், கடமையும் கூடும். தொடர்ச்சியாக, கூட்டாக, முழுமையாகத் திட்டமிட்டால்தான் ஃபெடரல் சாலைப் பணம் என்ற நிபந்தனை 1962 நெடுஞ்சாலைச் சட்டத்தில் வந்தது. டி.ஐ.பி. என்ற ஆவணத்தைக் கட்டாயமாக்கியது 1975 விதிகள். கையில் உள்ள பணத்துக்குள்தான் பட்டியல் போட வேண்டும் என்ற கடிவாளம் 1991 சட்டத்தில் வந்தது. அதற்கு முன்பு பல இடங்களில் டி.ஐ.பி. என்பது ஆசைப் பட்டியலாகத்தான் இருந்தது.

இன்றைய விதிப்படி டி.ஐ.பி. குறைந்தது 4 ஆண்டுகளை உள்ளடக்க வேண்டும். குறைந்தது 4 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பாஸ்டன் வட்டாரம் 5 ஆண்டுப் பட்டியலை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறது. எம்.பி.ஓ. வாரியம் ஒப்புதல் தந்தால் மட்டும் போதாது, மாநில ஆளுநரின் ஒப்புதலும் வேண்டும். அதன் பிறகு அது ஒரு வரி மாறாமல் மாநிலப் பட்டியலில் சேரும். மாநிலப் பட்டியலை இரண்டு ஃபெடரல் அலுவலகங்கள், அதாவது நெடுஞ்சாலை நிர்வாகமும் பொதுப் போக்குவரத்து நிர்வாகமும், ஏற்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தாமதமானாலும் அக்டோபர் 1-இல் தொடங்கும் ஃபெடரல் நிதியாண்டின் முதல் சில மாதங்கள் கையை விட்டுப் போய்விடும்.

இன்னொன்றும் முக்கியம். பட்டியலில் ஒரு திட்டம் ஒரே வரியாக இருக்காது. முன்பொறியியல், நில எடுப்பு, கட்டுமானம் என்று கட்டத்துக்கு ஒரு வரி. ஒவ்வொன்றுக்கும் தனி ஆண்டு, தனி நிதி. நீங்கள் சொன்ன 88 மதிப்பெண் திட்டத்தின் முன்பொறியியல் முதல் ஆண்டிலேயே இருக்கலாம். மூன்றாம் ஆண்டில் உங்கள் கண்ணில் பட்டது கட்டுமான வரியாக இருக்கும்.

#3 கணக்குப்பிள்ளை

பாலக்காரர் அண்ணன் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், ஏனென்றால் பணத்தின் வகை தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

88-ஐயும் 61-ஐயும் ஒப்பிடுவதே பெரும்பாலும் பிழை. இரண்டும் ஒரே பானையிலிருந்து சாப்பிடுவதில்லை. தேசிய நெடுஞ்சாலைத் தொகுப்பில் உள்ள சாலைகளுக்கான என்.எச்.பி.பி. பணம் மாநிலப் போக்குவரத்துத் துறையின் கையில் இருக்கிறது. எந்தச் சாலைக்கு மறுபூச்சு என்பதை அந்தத் துறை தன் சாலைநிலை அளவீட்டை வைத்து முடிவு செய்யும், எம்.பி.ஓ.வுடன் கலந்துபேசும், அவ்வளவுதான். பாதுகாப்புக்கான எச்.எஸ்.ஐ.பி.யும் பெரும்பாலும் மாநில வழிதான். 5307 என்ற பேருந்துப் பணம் நகர்ப்பரப்புக்கென்று நேராக ஒதுக்கப்படும். அதைப் பெறுவது பேருந்து நிறுவனம். டி.எம்.ஏ. ஒன்று தானே தேர்ந்தெடுத்துச் செலவழிக்கக்கூடிய முக்கியமான பானை, எஸ்.டி.பி.ஜி. என்ற பொதுவான சாலை, போக்குவரத்து நிதியில் வட்டாரங்களுக்கென்று பிரித்துத் தரும் உள்ஒதுக்கீடு. 2021 உள்கட்டமைப்புச் சட்டப்படி மாநிலத்துக்கு வரும் எஸ்.டி.பி.ஜி. தொகையில், சில கழிவுகள் போக, 55 சதவீதம் மக்கள்தொகைப்படி வட்டாரங்களுக்குப் பிரிக்கப்படுகிறது. கரிமக் குறைப்பு நிதியில் அது 65 சதவீதம். மிதிவண்டி, நடைபாதைக்கான தனி ஒதுக்கீட்டிலும் ஒரு பங்கு உண்டு. பல வட்டாரங்களில் காற்றுத்தர நிதியான சி.எம்.ஏ.க்யூ.வையும் எம்.பி.ஓ.வே தேர்வு செய்கிறது.

மதிப்பெண் போட்டி நடப்பது இந்தச் சில பானைகளுக்கு மட்டுமே. டி.ஐ.பி.யின் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு எல்லாமே போட்டியில் வென்றவை என்று நினைக்கக் கூடாது. எந்த எம்.பி.ஓ.வின் பட்டியலைப் படித்தாலும் முதலில் நிதிக்குறியீட்டு நெடுவரிசையைப் பாருங்கள், மதிப்பெண் பிறகு.

அடுத்தது நிதிக் கட்டுப்பாடு. ஒவ்வோர் ஆண்டுக்கும், ஒவ்வொரு நிதி வகைக்கும், பட்டியலிட்ட செலவு எதிர்பார்க்கும் வரவைத் தாண்டக் கூடாது. காற்றுத்தரம் தேறாத வட்டாரங்களிலும் அண்மையில் தேறிய வட்டாரங்களிலும் விதி இன்னும் கடுமை: முதல் 2 ஆண்டுகளுக்கு, கையில் இருக்கும் பணமும் உறுதியளிக்கப்பட்ட பணமும் மட்டுமே கணக்கில் வரும். "வரக்கூடும்" என்பது செல்லாது. தேர்தலில் ஓட்டுக்கு விடப்போகும் விற்பனை வரியை நம்பி முதல் ஆண்டில் திட்டத்தை ஏற்றினால் ஃபெடரல் அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும்.

செலவை, செலவாகும் ஆண்டின் டாலர் மதிப்பில்தான் எழுத வேண்டும். இன்றைய மதிப்பில் 10 மில்லியன் டாலர் வேலை மூன்றாண்டு கழித்து ஏலத்துக்குப் போகிறது, ஆண்டுக்கு 4 சதவீத விலையேற்றம் என்று வைத்தால், எழுத வேண்டியது 11.25 மில்லியன். சிறு நகராட்சிகள் 10 என்றே எழுதி அனுப்பும். அந்த 1.25 மில்லியன் ஓட்டை ஏல நாளன்றுதான் தெரியும். அப்போது அதை அடைக்க வேறொரு திட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.

#4 தார்ச்சாலை

நன்றி. இப்போது பாதி புரிகிறது. ஒரே பானைக்குள், எஸ்.டி.பி.ஜி. உள்ஒதுக்கீட்டுக்குள் மட்டும் பார்த்தாலும் வரிசை கலைகிறதே? அதற்கு என்ன காரணம்?

#5 மாடல்மதுரை

அதற்கு முன் மதிப்பெண்ணே சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். வரிசை பல இடங்களில் முதல் தாளிலேயே கோணலாகிவிடுகிறது. மூன்று இடங்களில் அடிக்கடி தவறுகிறது.

முதலாவது, அளவுமாற்றம். தினசரிப் போக்குவரத்தை 0 முதல் 100 வரை மாற்றும்போது பட்டியலில் குறைந்ததை 0, அதிகமானதை 100 என்று வைப்பார்கள். பத்துத் திட்டங்களில் ஒன்பது 3,000 முதல் 15,000 வண்டி ஓடும் சாலைகள். ஒன்று மட்டும் 60,000 ஓடும் பெருஞ்சாலை. அப்போது 15,000 வண்டிச் சாலைக்குக் கிடைப்பது 21 மதிப்பெண்தான். மற்ற எட்டும் அதற்குக் கீழே நசுங்கிவிடும். அந்த அளவுகோலுக்கு 25 எடை கொடுத்திருந்தாலும் அந்த ஒன்பது திட்டங்களுக்குள் அது வேறுபாடே காட்டாது. சாலை வகைக்குள் ஒப்பிடுவது அல்லது தரவரிசைச் சதவீதம் பயன்படுத்துவது இதற்குச் சரியான வழி.

இரண்டாவது, விபத்துக் கணக்கு. மூன்றாண்டு எண்ணிக்கையை மட்டும் எடுத்தால் தற்செயலாக ஏறிய ஆண்டுகள் கொண்ட சந்திப்புகள் மேலே வரும். எதுவும் செய்யாமலே அடுத்த மூன்றாண்டில் எண்ணிக்கை தானாக இறங்கும். 5 ஆண்டுத் தரவும், அதே வகைச் சந்திப்பில் எதிர்பார்க்கும் எண்ணிக்கையோடு கலந்து எடுக்கும் எம்பிரிக்கல் பேய்ஸ் திருத்தமும் வேண்டும். அதைவிட முக்கியம், விபத்து நடந்த இடத்துக்கு மதிப்பெண் தராமல் திட்டம் குறைக்கப்போகும் விபத்துக்கு மதிப்பெண் தருவது. இருபுற நிறுத்தப் பலகை உள்ள சந்திப்பை ரவுண்டானா ஆக்கினால் உயிரிழப்பு, காய விபத்துகள் 82 சதவீதம் குறைவதாக நெடுஞ்சாலை நிர்வாகத்தின் கையேட்டு எண் சொல்கிறது. சிக்னல் சந்திப்பை மாற்றினால் 78. நான்கு வழியை மூன்றாகச் சுருக்கும் சாலைக் குறைப்புக்கு மொத்த விபத்தில் 19 முதல் 47 சதவீதம். அதே சந்திப்பில் ஒரு திரும்பு தடம் மட்டும் சேர்க்கும் திட்டத்துக்கும் ரவுண்டானாவுக்கும் ஒரே பாதுகாப்பு மதிப்பெண் விழுந்தால் அந்த அளவுகோல் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, ஒரே நன்மையை இருமுறை எண்ணுவது. விபத்து பாதுகாப்பில் ஒருமுறை, விபத்தால் வரும் தாமதம் பயணநேர நம்பகத்தில் இன்னொருமுறை. நெரிசல் ஒருமுறை, நெரிசலிலிருந்து கணக்கிட்ட புகை இன்னொருமுறை. எடைகள் 20-20 என்று சமமாகத் தெரியும். உள்ளே நெரிசலுக்கு 40 போயிருக்கும்.

எடைகளை 5 புள்ளி மேலே கீழே ஆட்டிப் பாருங்கள். அப்போதும் முதல் பத்தில் நிற்கும் திட்டங்களை நம்பலாம். 71-க்கும் 69-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஒரு ஊருக்கு மறுப்புக் கடிதம் எழுதுவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. அந்த இடைவெளி அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும்.

#6 டெல்டாக்காரி

தார்ச்சாலை சார் கேட்டதுக்கு நேர் பதில்: தயார்நிலை. மதிப்பெண் உள்ளே விடும், எந்த வருஷம்னு முடிவு பண்றது தயார்நிலைதான்.

ஃபெடரல் பணம் ரொக்கமா கைக்கு வராது. முதல்ல ஒதுக்கீடு வரும். அப்புறம் திட்டம் தயாரானதும் "இந்தத் தொகையைத் தர நான் கட்டுப்பட்டேன்"னு நெடுஞ்சாலை நிர்வாகம் எழுத்தில் ஏத்துக்கும், அதுதான் ஆப்ளிகேஷன். அதுக்கு அப்புறம் நகராட்சி தன் கைக்காசைப் போட்டு வேலை செஞ்சு, பில் அனுப்பித் திரும்ப வாங்கணும். அனுமதி தேதிக்கு முந்தி செஞ்ச வேலைக்கு ஒரு சென்ட்டும் திரும்ப வராது. புதுசா வர்ற நகராட்சி எஞ்சினியர்கள் தவறுற முதல் இடம் இதுதான். அவசரத்துல கன்சல்டன்ட்டோட ஒப்பந்தம் போட்டுடுவாங்க, அனுமதி அடுத்த மாசம் வரும், நடுவுல ஓடின மணிநேரம் முழுக்க ஊர்ச் செலவு.

கட்டுமானத்துக்கு ஆப்ளிகேஷன் கேட்கறதுக்கு முன்னாடி முடிஞ்சிருக்க வேண்டியவை: சுற்றுச்சூழல் ஒப்புதல், நிலம் கைக்கு வந்ததுக்கான சான்று, மின்கம்பம், எரிவாயு, தண்ணீர்க் குழாய் மாத்துற உடன்பாடு, ரயில் பாதை பக்கம்னா ரயில் கம்பெனியோட உடன்பாடு, முழு வரைபடம் விவரக்குறிப்பு மதிப்பீடு, ஊர்ப் பங்குத்தொகைக்கான தீர்மானம். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் கோப்பு நகராது.

சுற்றுச்சூழல் ஒப்புதல் வராம இறுதி வடிவமைப்புக்கோ நில எடுப்புக்கோ அனுமதி இல்லை. சின்ன வேலைகள், விரிவான ஆய்வு வேண்டாத விலக்குப் பிரிவுல போயிடும். ஆனா பூங்கா ஓரத்துல ரெண்டு அடி நிலம் எடுத்தாலே 1966 சட்டத்தோட 4(எஃப்) பிரிவு வந்து நிக்கும். பழைய கல் மதகு இருந்தா வரலாற்றுச் சின்னங்களுக்கான 106-ஆம் பிரிவு. ஈரநிலம்னா 404 அனுமதி. இது ஒவ்வொண்ணும் மாசக்கணக்குல நேரம் எடுக்கும். விண்ணப்பத்துல "சுற்றுச்சூழல்: 6 மாதம்"னு எழுதியிருந்தா உடனே வரைபடத்தைத் திறந்து பக்கத்துல பூங்கா, ஓடை, ரயில் பாதை இருக்கான்னு பார்க்கணும்.

ரயில் உடன்பாட்டை எப்பவும் குறைச்சு எடைபோடறாங்க. பாதையைத் தொடாட்டியும், ரயில் நிலப்பரப்புக்குள்ள தொழிலாளி நிக்கணும்னாலே கொடிக்காரர், காப்பீடு, ஆய்வுக் கட்டணம் எல்லாம் வரும்.

மறுபூச்சு ஏன் முதல் வருஷத்துல வருதுன்னா அதுக்கு நிலம் வேண்டாம், விலக்குப் பிரிவுலயே ஒப்புதல், வரைபடம் சின்னது. ஆனா அதுலயும் ஒரு பொறி இருக்கு. மறுபூச்சும் சாலையை மாத்தற வேலையாத்தான் கணக்காகும். அதனால அந்த நீளத்துல இருக்கற நடைபாதைச் சரிவுகளை மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டப்படி அதே வேலையில சரிசெய்யணும். நீதித்துறையும் போக்குவரத்துத் துறையும் சேர்ந்து 2013-லயே தெளிவா சொல்லிட்டாங்க. இன்னும் தார் டன் கணக்கை மட்டும் போட்டு மதிப்பீடு அனுப்பற ஊர் இருக்கு. ஒரு மைலுக்கு எத்தனை மூலை, எத்தனை சரிவுன்னு எண்ணாத மதிப்பீட்டை நம்பவே கூடாது.

#7 பாலக்காரர்

டெல்டாக்காரி அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் தயார்நிலைக்கே முதல் இடம் என்று வைத்தால் யார் தோற்கிறார்கள் என்பதையும் பேச வேண்டும். வரைபடத்தை ஊர்ப்பணத்திலேயே முடித்துக் கையில் வைத்திருக்கும் பணக்காரப் புறநகர் ஒவ்வொரு சுற்றிலும் தயாராக இருக்கும். பொறியாளர் ஒருவர்கூட இல்லாத சிற்றூர் எப்போதும் தயாராக இருக்காது. சாலையில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது ஊரில்தான் இருக்கிறார்கள்.

அதற்கு மேல், விதிக்கப்பட்ட 20 சதவீதத்தைவிடக் கூடுதல் பங்குத்தொகை போடும் ஊருக்குக் கூடுதல் மதிப்பெண் என்று சில இடங்களில் வைத்திருக்கிறார்கள். வசதிக்கு மதிப்பெண் தருவதற்கு வேறு பெயர் தேவையில்லை. அந்த அளவுகோலை எடுத்தே ஆக வேண்டும்.

#8 கணக்குப்பிள்ளை

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தயாராகாத திட்டத்துக்கு ஆண்டைக் கொடுத்தால் அந்த ஏழை ஊருக்கும் பயனில்லை. பணம் காலாவதியாகும். எஸ்.டி.பி.ஜி. ஒதுக்கீடு அந்த ஆண்டும் அடுத்த 3 ஆண்டும் உயிரோடு இருக்கும். அதைச் செலவழிக்க வேண்டிய அதிகார வரம்பு, அதாவது ஆப்ளிகேஷன் உச்சவரம்பு, பெரும்பாலும் அந்த ஆண்டு செப்டம்பர் 30-உடன் முடிந்துவிடும். ஒதுக்கீடு இருக்கிறதே என்று நிம்மதியாக உட்கார்ந்தால் வரம்பு போய்விடும்.

தீர்வு வேறு இடத்தில் இருக்கிறது. வடிவமைப்புக் கட்டத்துக்கே உள்ஒதுக்கீட்டிலிருந்து பணம் கொடுங்கள். சுங்கச்சாலை உள்ள மாநிலங்களில், சுங்க வருவாயில் செய்த முதலீட்டுக்குக் கிடைக்கும் சுங்க வரவு என்ற கணக்குப் புள்ளிகளைப் பங்குத்தொகைக்கு ஈடாக வைக்கலாம். அது ரொக்கமில்லை என்பதை மட்டும் மறக்கக் கூடாது: 10 மில்லியன் வேலையில் ஊர் 2 மில்லியன் போட வேண்டாம், ஆனால் மொத்த 10-உம் ஃபெடரல் பானையிலிருந்தே போகும். அதனால் அந்தப் பானையில் செய்யக்கூடிய வேலைகளின் எண்ணிக்கை குறையும். இதை வாரியத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

#9 டெல்டாக்காரி

பாலக்காரர் அண்ணா, உங்க கவலை சரிதான். அதனாலதான் தயார்நிலையை மதிப்பெண்ணுக்குள்ள கலக்கக் கூடாதுன்னு சொல்றேன். மதிப்பெண்ல கலந்தா தேவையும் தயார்நிலையும் ஒண்ணையொண்ணு விழுங்கிடும். தேவைக்கு மதிப்பெண், தயார்நிலைக்கு வாசல். மசாசூசெட்ஸ்ல வரைபடம் 25, 75, 100 சதவீதம்னு படிப்படியா மாநிலத்துக்குப் போகும். "25 சதவீதம் கொடுத்த பிறகே கட்டுமான ஆண்டு"ங்கற மாதிரி ஒரு வாசல் வெச்சா எல்லாருக்கும் ஒரே விதி. அந்த 25 வரைக்கும் போக ஏழை ஊருக்குப் பணம் கொடுத்துட்டா விவாதமே முடிஞ்சுது.

#10 காற்றுமானி

யாரும் தொடாத ஒரு காரணத்தைச் சொல்கிறேன். ஓசோன் அல்லது நுண்துகள் தரத்தில் தேறாத வட்டாரங்களில் டி.ஐ.பி. முழுவதும் காற்றுத்தர இசைவுச் சோதனையில் தேற வேண்டும். 1990 தூய காற்றுச் சட்டத் திருத்தம் இதற்குப் பல் கொடுத்தது. பட்டியலில் உள்ள கொள்ளளவு கூட்டும் திட்டங்களை எல்லாம் போக்குவரத்து மாதிரியில் ஏற்றி, அதிலிருந்து வரும் வண்டி-மைல், வேகக் கணக்கை மூவ்ஸ் மென்பொருளில் போட்டு, கலிபோர்னியா என்றால் எம்ஃபாக்கில் போட்டு, வரும் புகை அளவு மாநிலக் காற்றுத் திட்டத்தின் உச்சவரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இது வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் அட்லாண்டாவை நினைத்துக்கொள்ளட்டும். 1998 தொடக்கத்தில் அங்கே இசைவு காலாவதியாகி, புதிய சாலை விரிவாக்கங்களுக்கு ஃபெடரல் பணம் நின்றது. அப்படி நிற்கும் காலத்திலும் பாதுகாப்பு வேலை, மறுபூச்சு, பேருந்து மாற்றுதல், நடைபாதை போன்ற விலக்குப் பட்டியல் வேலைகள் ஓடலாம். 61 மதிப்பெண் வேலை முந்துவதற்கு இது இன்னொரு காரணம்: அது விலக்குப் பட்டியலில் இருக்கிறது, 88 வாங்கியது தடம் கூட்டும் வேலை என்றால் அதில் இல்லை.

நடைமுறைச் சிக்கல் ஆண்டு மாற்றத்தில்தான் வரும். மாதிரியில் ஒரு விரிவாக்கம் 2030-க்குள் திறக்கும் என்று ஏற்றியிருக்கிறோம். டி.ஐ.பி.யில் அதைத் தள்ளி, திறப்பு 2031 ஆனால், புகையைக் கணக்கிட்ட பகுப்பாய்வு ஆண்டான 2030-இன் எல்லையைத் தாண்டுகிறது. முழுச் சோதனையும் மறுபடியும் ஓட வேண்டும். அதனால் இத்தகைய திட்டங்களை நகர்த்த விரும்புகிறவர்கள் முதலில் மாதிரிப் பிரிவைக் கேட்டுவிட்டு வாரியத்துக்குப் போகட்டும்.

#11 சென்னைவாசி

வெளியே இருந்து ஒரு கேள்வி. சென்னையில் கும்டா எனப்படும் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-இல் சட்டம் வந்தது. வட்டாரம் முழுவதற்கும் போக்குவரத்து அமைப்பு என்ற அளவில் இது எம்.பி.ஓ.வுக்குச் சமமா?

#12 கணக்குப்பிள்ளை

நோக்கத்தில் உறவு உண்டு, பணத்தில் இல்லை. கும்டா ஒருங்கிணைப்பு அமைப்பு. முழுமைப் போக்குவரத்துத் திட்டம் என்ற நெடுநாள் ஆவணம் போடும். சாலைப் பணம் நெடுஞ்சாலைத் துறையிலும் மாநகராட்சியிலும், பேருந்துப் பணம் மாநகரப் போக்குவரத்துக் கழகத்திலும், மெட்ரோ பணம் மெட்ரோ நிறுவனத்திலும் தனித்தனி வரவுசெலவாகத்தான் இருக்கிறது. எம்.பி.ஓ.வின் பலம் கூட்டம் கூட்டுவதில் இல்லை. "இந்தப் பட்டியலில் இல்லாத வேலைக்கு ஃபெடரல் பணம் போகாது" என்ற ஒரு பூட்டில் இருக்கிறது. ஆண்டுவாரியாக, நிதிவகைவாரியாக ஒரு கூட்டுப் பட்டியலும் அதில் இல்லாததற்குப் பணமில்லை என்ற விதியும் வந்தால் கும்டாவும் அந்த நிலைக்கு வரலாம். வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். அமெரிக்காவிலும் 1962-இல் தொடங்கி 1991 வரை படிப்படியாகத்தான் பூட்டு இறுகியது.

#13 தார்ச்சாலை

இன்னொரு கேள்வி. சில வாரியங்களில் "போன முறை வடக்குக்குப் போனது, இந்த முறை தெற்குக்கு" என்று பேசுகிறார்கள். இது அனுமதிக்கப்பட்டதா?

#14 பாலக்காரர்

இதற்கு விதி நேராகவே பேசுகிறது. உள்ஒதுக்கீட்டை உறுப்பு ஊர்களுக்கு முன்பே நிர்ணயித்த சதவீதமாகவோ சூத்திரமாகவோ பங்கிட்டுக் கொடுப்பது சட்டத்தின் நோக்கத்துக்கு முரண் என்று ஃபெடரல் விதி 450.326 சொல்கிறது. வட்டாரம் முழுவதும் சேர்ந்து முன்னுரிமை போட வேண்டும் என்பதே அதன் பொருள். வாரியத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மேயர்களும் மாவட்ட ஆணையர்களும். தன் ஊருக்கு எதுவும் கொண்டுவராமல் திரும்புவது அவர்களுக்குக் கடினம் என்பது புரிகிறது. அதற்கு நேர்மையான வழி புவியியல் சமநிலையை ஓர் அளவுகோலாக வெளிப்படையாக எழுதி, அதன் எடையை முன்கூட்டியே வெளியிடுவது. சதவீதத்தை அறைக்குள் பேசி முடித்துவிட்டு அதற்கேற்ப மதிப்பெண்ணை வளைத்தால், நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் டி.எம்.ஏ. சான்றாய்வில் அது வெளியே வரும்.

#15 மாடல்மதுரை

இதோடு சேர்த்து: மதிப்பெண்ணை விண்ணப்பித்த ஊரே போட்டுக்கொள்ள விடக் கூடாது. தரவு கொடுப்பது ஊர், மதிப்பெண் போடுவது எம்.பி.ஓ. ஊழியர். வரிசையை மீறி ஒரு திட்டத்தை ஏற்றினால் காரணத்தை ஒரே வரியில் பட்டியலுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்: "சாக்கடை வேலையுடன் சேர்த்துச் செய்வதால்", "பாலம் சுமைக் கட்டுப்பாட்டில் இருப்பதால்". அந்த ஒரு வரி இருந்தால் தார்ச்சாலை போன்றவர்களுக்கு இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

#16 புதுவரவு_கோவை

பட்டியல் ஏற்கப்பட்ட பிறகு மாற்றம் வந்தால்? எது சிறு திருத்தம், எது பெரிய திருத்தம் என்று எப்படிப் பிரிப்பது?

#17 டெல்டாக்காரி

திட்டத்தைச் சேர்த்தா, எடுத்தா, செலவு பெரிசா மாறினா, கட்டம் தொடங்கற தேதி பெரிசா மாறினா, தொடக்கம்-முடிவு இடமோ நேர்த்தடங்களோட எண்ணிக்கையோ மாறினா பெரிய திருத்தம். பொதுமக்கள் கருத்து, நிதிக் கட்டுப்பாட்டை மறுபடி காட்டறது, தேவைப்பட்டா காற்றுத்தரச் சோதனை, வாரிய வாக்கெடுப்பு எல்லாம் வேணும். மத்தது நிர்வாக மாற்றம். ஊழியரே கையெழுத்துப் போடலாம். "பெரிசா"ன்னா எவ்வளவுன்னு ஒவ்வொரு மாநிலமும் எம்.பி.ஓ.வும் ஒப்பந்தத்துல எண்ணா எழுதி வெச்சிருக்கும். அந்தத் தாளை மேசையிலேயே ஒட்டி வைங்க.

பலர் தவறுற இடம் திட்ட விவர வரி. டி.ஐ.பி.ல "எல்ம் தெரு முதல் ஓக் தெரு வரை"ன்னு இருக்கும். சுற்றுச்சூழல் ஆவணத்துல வடிகாலுக்காக இன்னும் 400 அடி தள்ளிப் போயிருக்கும். ரெண்டும் பொருந்தலைன்னா கையெழுத்து விழாது. திருத்தத்துக்கு ரெண்டு மூணு மாசம் போயிடும். சுற்றுச்சூழல் வரைவு வந்த அன்னிக்கே ரெண்டு வரியையும் பக்கத்துல வெச்சுப் படிக்கணும்.

சின்னச் சின்ன வேலைகளைத் தனித்தனி வரியாப் போடாதீங்க. மறுபூச்சு, சிக்னல், சாலையோரத் தடுப்புக் கம்பி இதெல்லாம் ஒரே வகைன்னா தொகுப்பு வரியாப் போட விதி இடம் கொடுக்குது. அப்போ தொகுப்புக்குள்ள ஒரு தெருவை மாத்தறதுக்கு வாரியம் வரைக்கும் போக வேண்டாம்.

#18 தார்ச்சாலை

கடைசியாக: ஜூன் மாதம் வந்துவிட்டது, ஒரு பெரிய வேலை நில எடுப்பில் மாட்டிக்கொண்டது, செப்டம்பருக்குள் வராது என்று தெரிகிறது. என்ன செய்வார்கள்?

#19 கணக்குப்பிள்ளை

ஜூனில் தெரிந்தால் தாமதம்தான். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் நிதியாண்டு தொடங்கிய மறுமாதமே, நவம்பர் 1-க்குள், கோரிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும். ஜனவரி 31-க்குள் ஆப்ளிகேஷன் ஆக வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தால் விழுந்த திட்டத்துக்கு மாற்று தேட எட்டு மாதம் கிடைக்கும். சிகாகோ வட்டாரத்தில் முதன்மைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு காத்திருப்புப் பட்டியலும் வைத்து, தவறும் திட்டத்தின் இடத்தைத் தயாராக இருப்பதற்குக் கொடுக்கிறார்கள்.

ஜூனில் செய்யக்கூடியவை இவை. இரண்டாம், மூன்றாம் ஆண்டுத் திட்டத்தில் எது தயார் என்று பாருங்கள். விரைவுத் தேர்வு நடைமுறையை மாநிலமும் பேருந்து நிறுவனமும் முன்பே ஒப்புக்கொண்டிருந்தால் அதைத் திருத்தமில்லாமல் முதல் ஆண்டுக்கு இழுக்கலாம். மாநிலம் தன் பணத்தில் முன்கூட்டிக் கட்டிய வேலை ஏதாவது முன்கட்டுமானக் கணக்கில் இருந்தால் அதை ஃபெடரல் பணமாக மாற்றுவது ஒரு சில தாள்களில் முடியும் வேலை. பேருந்து வாங்கும் திட்டம் டி.ஐ.பி.யில் இருந்தால் எஸ்.டி.பி.ஜி.யைப் பொதுப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு மாற்றிவிடலாம். நிலமோ குழாயோ தேவையில்லாத செலவு அது. மாற்றியதும் பேருந்துத் துறையின் விதிகளே அதற்குப் பொருந்தும்.

மாநில அளவில் இன்னொரு நிகழ்வு உண்டு: ஆகஸ்ட் மறுபங்கீடு. செப்டம்பருக்குள் செலவழிக்க முடியாத வரம்பை மாநிலங்களும் திட்டங்களும் விட்டுக்கொடுக்க, முடிந்தவர்களுக்கு அது பிரித்துத் தரப்படும். 2024-இல் அப்படிக் கைமாறியது 8.7 பில்லியன் டாலர். வரைபடம் முடித்து அலமாரியில் வைத்திருக்கும் மாநிலங்களே அதை வாங்குகின்றன.

#20 டெல்டாக்காரி

ஒண்ணு சேர்க்கணும். மாட்டின திட்டத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளும்போது தொகையை அப்படியே நகல் எடுக்காதீங்க. விலையேற்றத்தைச் சேர்த்து, நில எடுப்புல இன்னும் எத்தனை மனை பாக்கி, எத்தனை நீதிமன்றத்துல இருக்குன்னு ஊர்கிட்ட எழுத்துல வாங்கிட்டு, அதுக்கு அப்புறம் ஆண்டைக் கொடுங்க. வட மாநிலம்னா தார் போடற பருவத்தையும் பாருங்க. ஜூலையில அனுமதி கிடைச்சா ஏலம் முடிய செப்டம்பர், ஒப்பந்தக்காரர் இறங்கறதுக்குள்ள குளிர். தாள்ல இந்த வருஷம், தரையில அடுத்த ஏப்ரல். அந்த ஏப்ரல் விலையை மதிப்பீட்டுல போட்டிருக்கீங்களான்னு ஒரு தடவை பாருங்க.